ஐந்தாவது தூண்

கெல்லிவில் என்கிற புறநகர்ப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் தெருக்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு தூண். இந்த வீட்டில் இரண்டு, அடுத்த வீட்டில் நாலு. சிலது வழவழவென்று இருக்கும், சிலதில் நீளவாக்கில் கோடு கீறியிருக்கும், சிலது தலையில் சுருள் வைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வீடும் தான் ஏதோ ஏதென்ஸில் குன்றின்மேல் நிற்பதாக நினைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டிகளை முறைத்துக்கொண்டிருக்கும். கிட்டப் போய்த் தூணைத் தட்டிப் பார்த்தால் தொப் தொப்பென்று சத்தம் வரும். உள்ளே தெர்மோகோல். டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அதே சரக்கு. அதன்மேல் மெல்லிசாக சிமென்ட் பூசி வெள்ளையடித்து, ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழைமையை ஒரே வாரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

நான் மதுரையில் கட்டடக்கலை படித்தவள். கடல் தாண்டி இங்கே வந்த பிறகு அந்தப் படிப்பு எடுபடவில்லை. வீடு கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்து வரைபடம் போட்டுக்கொடுக்கிறேன். வருகிற கஸ்டமர் எல்லாம் "கொஞ்சம் கிராண்டா இருக்கட்டும்" என்பார்கள். கிராண்டு என்றால் தூண். அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் வேறு அர்த்தம் கிடையாது.

கல்லூரியில் எனக்குப் பிடித்த பாடமே கிரேக்கக் கோயில்தான் என்பது இதில் பெரிய கொடுமை. கீழே மூன்று படி. அதன்மேல் தரை. தரையிலிருந்து தூண், தூணின் தலையில் பலகை, நம் ஊர்க் கோயிலில் போதிகை என்போமே, அது மாதிரி. அதற்கு மேல் உத்திரம். உத்திரத்துக்கு மேல் முக்கோண முகப்பு. எல்லாவற்றுக்கும் உள்ளே சாமி இருக்கிற அறை. ஒன்றின் கனத்தை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். சும்மா நிற்கிறது என்று அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. பரீட்சைக்காக அதை வரைந்து பழகிய நாட்களில், இவ்வளவு நேர்மையாக மனுஷர்கள் கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருக்கும்.

என் கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர்தான், யாரும் பார்க்காதபோது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஆளே மாறிவிடுவார். ஐடியில் பெரிய வேலை. அவருடைய மனைவி, அதாவது என் ஓரகத்தி, நர்ஸ். அவளை அக்கா என்பேன். அவர்கள் இந்த நாட்டுக்கு வந்ததே அக்காவுக்குக் கிடைத்த விசாவில்தான். அத்தான் அதில் தொற்றிக்கொண்டு வந்தவர். இதை அவர் முன்னால் யாராவது சொல்லிவிட்டால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அக்கா வந்த நாளிலிருந்து வார்டில் நின்று நின்று இரண்டு முட்டியையும் தேய்த்து வைத்திருந்தாள்.

கெல்லிவில்லில் மனை வாங்கியதும் அத்தான் என்னைக் கூப்பிட்டார். "வெளிய எவன்கிட்டயோ எதுக்குக் குடுக்கணும், நம்ம வீட்டுப் பொண்ணு இருக்கும்போது" என்றார். சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து உட்கார்ந்தோம். நான் முதலில் அக்காவைத்தான் கேட்டேன், உங்களுக்கு என்ன வேணும் என்று.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். கீழ ஒரு ரூம், பாத்ரூமோட. மாடிப்படி ஏற முடியல. ரெண்டு முட்டியையும் மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாத்திட்டு வந்து நான் எங்க படுக்கறது? மத்தபடி வீடு எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

அவள் கேட்டது அவ்வளவுதான். சமையலறையில் கல் என்ன நிறம், கபோர்டு எந்த மாடல் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே, முன்பக்கத்தில், கிழக்கே பார்த்த ஜன்னலோடு அந்த அறையை வரைந்தேன். சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்குப் பாத்ரூம். அக்கா அந்தத் தாளை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜன்னல் பக்கமா கட்டில போட்டுக்கலாம்" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் பிழைத்திருப்பேன். நடுவில் அத்தான் ஆபீஸ் நண்பர்களோடு கிரீஸுக்குக் கப்பலில் டூர் போய்விட்டு வந்தார். அக்கா போகவில்லை, முட்டி. திரும்பி வந்தவர் போனைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். இடிந்த கோயில் ஒன்று, அதன் முன்னால் தொப்பியும் கூலிங் கிளாஸுமாக அத்தான். "இதுதாம்மா. இதை அப்படியே நம்ம வீட்டு முன்னால கொண்டாந்துடு."

சரி, நாலு தூண் போடுகிறேன் என்றேன்.

"நாலா? ரெட்டைப்படையா? அஞ்சு வை."

எனக்கு முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் தோன்றியது. மொய் எழுதும்போது ஒற்றை ரூபாய் சேர்த்து வைக்கிற பழக்கத்தை மனிதர் தூணுக்கும் கொண்டுவந்துவிட்டார். ரெட்டைப்படை விளங்காதாம். நான் பொறுமையாகச் சொன்னேன். கிரேக்கக் கோயிலில் முன்பக்கத் தூண்கள், எங்கோ ஒன்றிரண்டு தவிர, எப்போதும் இரட்டைப்படைதான். அப்போதுதான் நடுவில் வழி கிடைக்கும், சாமிக்கு நேரே கதவு வரும். ஒற்றைப்படை வைத்தால் நடுத்தூண் வாசலுக்கு முன்னால் வந்து மறித்துக்கொண்டு நிற்கும். அவர் எடுத்து வந்த போட்டோவையே பெரிதாக்கி எண்ணிக் காட்டினேன். எட்டு.

அத்தான் கொஞ்சமும் அசரவில்லை. "அதான் இடிஞ்சு கிடக்குது பாத்தியா?"

ஆனாலும் நான் விடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாலுகால் மண்டபம் இருக்கிறது, பதினாறுகால் மண்டபம் இருக்கிறது, நூற்றுக்கால், ஆயிரங்கால் எல்லாம் இருக்கிறது. ஐந்துகால் மண்டபம் என்று எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"அதெல்லாம் சாமிக்குக் கட்டுனது. இது மனுஷனுக்கு" என்றார். என் கணவரைப் பார்த்தேன். அவர் வாழைப்பழத்தை உரிப்பதில் மும்முரமாக இருந்தார். அண்ணன் முன்னால் அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விடும்.

தூண் எத்தனை என்பதோடு போயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு வரைந்து கொடுத்திருப்பேன். தெருவிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் கட்டடம் தொடங்க வேண்டும் என்று இங்கே கவுன்சிலில், அதாவது நகராட்சியில், விதி இருக்கிறது. தூண் வரிசையும் கட்டடத்தில்தான் சேர்த்தி. ஆகவே முன்னால் தூண் வந்தால் வீடு பின்னால் நகர வேண்டும். பின்னால் அத்தானின் பார்பெக்யூ போடுகிற கூரைத் திண்டு. அதில் ஒரு சாண் குறையக் கூடாது என்றுவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை நாலு கோழிக்காலைச் சுடுவதற்கு அந்தத் திண்டு. முன்பக்க ஹாலும் குறையக் கூடாது, அங்கே வெள்ளை சோபா வரப் போகிறது. அப்புறம் எது குறையும்? அக்காவின் அறை குறைந்தது. முதலில் பாத்ரூம் போயிற்று. பிறகு கட்டில் போடுகிற இடம் போயிற்று. கடைசியில் ஒரு அலமாரி அளவுக்கு மிஞ்சியதை அத்தான் பூஜை அறை என்று எழுதச் சொன்னார்.

"கீழ சாமி இருந்தா நல்லதுதானே. மாடில அஞ்சு பெட்ரூம் இருக்குதே" என்றார் அக்காவிடம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். "முட்டி மாத்தினா அக்கா எங்க படுப்பாங்க அத்தான்?" என்று கேட்டேன். "அதை அப்பப் பாத்துக்கலாம். ஒரு மாசக் கதைக்காக வீட்டு முகப்பையே கெடுக்க முடியுமா?" என்றார். அக்கா தாளை மடித்து என்னிடம் கொடுத்து, "விடு" என்றாள். சண்டை போடுகிற தெம்பை எல்லாம் அவள் வார்டிலேயே செலவழித்துவிட்டு வருவாள்.

நான் விடவில்லை. எஞ்சினியரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, மேலே நீளமாக ஒரு இரும்பு உத்திரத்தைப் போட்டு, அதன் கனம் முழுவதும் நாலு கம்பங்களில் இறங்குகிற மாதிரி வரைந்தேன். நாலு தூணுக்குள் இரும்புக் கம்பம். நடுத்தூணுக்குள் ஒன்றுமே கிடையாது, வெறும் தெர்மோகோல் குழாய். கையெழுத்து வாங்கும்போது அதை அத்தானிடம் வாய்விட்டே சொன்னேன். "நடுவுல இருக்கறது எதையும் தாங்காது அத்தான். சும்மா நிக்கும்."

"நிக்குதுல்ல, போதும். உள்ள என்ன இருக்குதுன்னு எவனுக்குத் தெரியப் போகுது?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இந்த ஒரு விஷயத்தில் மனிதர் மனதில் இருந்ததை அப்படியே சொன்னார்.

தூண் ஒட்ட வந்தவர் மெரிலேண்ட்ஸ் என்கிற இன்னொரு புறநகரிலிருந்து. இலங்கைத் தமிழர், முப்பது வயதிருக்கும். படகில் வந்து, விசா இன்னும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது என்றார். வாசலுக்கு எதிரே ஐந்தாவது தூணை நிறுத்தச் சொன்னபோது டேப்பை நீட்டி மறுபடி அளந்து பார்த்தார். "அக்கா, இது வாசலுக்கு நேரே எல்லோ வருது. பிளான் சரிதானே?" என்று என்னிடம் கேட்டார். சரிதான் என்றேன். "ஓம், அப்ப சரி. வீட்டுக்காரருக்கு விருப்பமெண்டால் எனக்கென்ன" என்று ஒட்டிவிட்டுப் போனார்.

கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குள் ஒருக்களித்து நுழைந்தார்கள். தூணின் அடியில் சதுரமாகப் பீடம் வேறு. அதற்கும் நிலைப்படிக்கும் நடுவே ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு போகிற இடம்தான். நிறைகுடத்தோடு வந்த அக்கா பீடத்தில் இடித்துக்கொண்டதில் பட்டுப்புடவையெல்லாம் தண்ணீர். அத்தான் அதைக் கவனிக்கவில்லை. பட்டு வேட்டியில் நின்றுகொண்டு, கப்பலில் வழிகாட்டி சொன்னதை வருகிறவர்களுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார். "இந்த முக்கோணம் பெடிமென்ட். இந்தத் தூண் தலை கேபிடல். தூண் நடுவுல லேசா புடைச்சிருக்குது பாருங்க, அது டிசைன். கண்ணுக்கு நேரா தெரியறதுக்காக அப்படிப் பண்ணுவாங்க." கல் தூணுக்கு அது உண்மை. இவர் வீட்டுத் தூண் ஆலையில் அறுத்த நேர்க்குழாய், அதில் ஒரு புடைப்பும் கிடையாது. அங்கே புடைத்திருந்தது அத்தானின் தொப்பை ஒன்றுதான்.

உத்திரத்தில் மும்மூன்று கோடாகக் கீறிய பட்டைகளைக் காட்டி, "இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். ஆதியில் மரத்தில் கோயில் கட்டியபோது வெளியே நீட்டிக்கொண்டிருந்த விட்டங்களின் நுனி அது என்பார்கள். கல்லுக்கு மாறிய பிறகும் விட மனமில்லாமல் கல்லிலே செதுக்கி வைத்தார்கள். மரத்தை நினைத்துக் கல்லில் செய்ததை, கல்லை நினைத்துத் தெர்மோகோலில் செய்திருக்கிறோம். கேசரி நன்றாக இருந்தது, அதைச் சாப்பிட்டேன்.

முக்கோண முகப்பில் கிரேக்கர்கள் தங்கள் தெய்வங்களைச் செதுக்கினார்கள் என்பதால் அத்தான் அங்கே ஒரு கஜலட்சுமியை ஒட்டியிருந்தார். பிளாஸ்டிக்தான், தங்க பெயிண்ட். அதன் பின்னால் இருந்த சந்தில் அடுத்த மாதமே மைனா கூடு கட்டிவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் அதை இந்தியன் மைனா என்றுதான் திட்டுவார்கள். அது நாள் முழுக்கக் கழித்ததெல்லாம் ஐந்தாவது தூணின் தலையில் வழிந்தது. அத்தான் ஞாயிறுதோறும் ஏணி போட்டுத் துடைப்பார். எனக்கு அந்த மைனாமேல் தனிப் பிரியமே உண்டாயிற்று.

அக்கா மாடியில் படுத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவாள். ஒருமுறை காலையில் அவளை அழைத்துப் போக வந்தபோது அதை நான் பார்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்ததும் சிரித்து, "குழந்தை மாதிரி இறங்கறேன் பாரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் போகும் வழியெல்லாம் அத்தானைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஆபரேஷனுக்கு நாள் வந்தது. முதலில் வலது முட்டி. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், சில வாரத்துக்கு மாடி ஏறவே கூடாது, கீழே உயரம் ஏற்றி இறக்குகிற கட்டில் வேண்டும் என்று. அத்தானுக்கு அன்றைக்கு ஏதோ முக்கியமான மீட்டிங். "நீ கூட்டிட்டு வந்துடும்மா, கட்டிலும் காலைல வந்துடும். ஹால்ல போட்டுக்கலாம், சோபாவுக்கு ஏதும் ஆகாம பாத்துக்க" என்று போனில் சொன்னார். ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது சோபாவை.

நான் லீவு போட்டு அக்காவை அழைத்துக்கொண்டு வந்தேன். வாடகைக் கட்டில் ஏற்றி வந்த வண்டி வாசலில் நின்றது. இரண்டு பேர் கட்டிலை இரண்டு பாதியாகப் பிரித்துத் தூக்கி மூன்று படியும் ஏறிவிட்டார்கள். தூணுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்கள், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்கள். பீடத்துக்கும் கதவுக்கும் நடுவே திரும்பவில்லை. பக்கவாட்டுச் சந்தில் தண்ணீர் டாங்கும் ஏசி பெட்டியும். கராஜிலிருந்து உள்ளே போகிற கதவு இன்னும் ஒடுக்கம். அவர்களில் பெரியவன் கையை விரித்தான். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், கட்டிலை வெளியே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டான்.

அக்கா காரில் கதவைத் திறந்துவைத்து, காலை நீட்டி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மருந்தின் மயக்கம் தெளிந்து வலி தொடங்கிவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இங்க வா" என்று கூப்பிட்டாள். "அந்த நடுத்தூண் எதையாவது தாங்குதா?"

"இல்லக்கா."

"நிச்சயமா?"

"நான்தானே வரைஞ்சேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

"அப்ப அறுத்துடு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. வார்டில் மருந்து மாற்றச் சொல்கிற மாதிரி சொன்னாள். அத்தானுக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்றேன். "ரூம எடுக்கும்போது அவரு என்னக் கேட்டாரா?" என்றாள்.

மெரிலேண்ட்ஸ்காரருக்குப் போன் போட்டேன். பக்கத்துத் தெருவில்தான் இன்னொரு மகானுபாவன் வீட்டுக்குத் தூண் ஒட்டிக்கொண்டிருந்தார். ரம்பத்தோடு வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் தயங்கினார். "வெட்டலாம் அக்கா, அது பெரிய வேலையில்லை. ஆனா அங்கிள் என்னை எல்லோ ஏசுவார்."

"தம்பி, வீட்டுப் பத்திரத்துல என் பேரும் இருக்கு. நான் சொல்றேன், அறு" என்றாள் அக்கா காரிலிருந்து.

"ஓம் அன்ரி" என்றார் அவர். அவ்வளவுதான்.

மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல், நடுவில் நீளமாக ஒன்று. ரொட்டி அறுக்கிற மாதிரி அறுபட்டது. வெள்ளை மணிகள் பறந்து புல்வெளியெல்லாம் ஒட்டிக்கொண்டன. அவர் தூணை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் சாத்தினார். உத்திரம் அசையவில்லை. கஜலட்சுமி அசையவில்லை. மைனாகூட எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. கட்டில் நேராக உள்ளே போயிற்று. வெள்ளை சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கதவுக்கு நேரே, ஹாலின் நடுவில் போட்டார்கள். அக்கா வாக்கரைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, மூன்று படியையும் ஏறி, அவள் வீட்டுக்குள் முதல்முறையாக ஒருக்களிக்காமல் நடந்து போனாள்.

அத்தான் சாயங்காலம் வந்தார். நான் வாசலில் தெர்மோகோல் மணிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். காரை விட்டு இறங்கியவர் கதவைச் சாத்தவும் மறந்து விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நாலு" என்றார். "யார் பண்ணது இது? எதிர்வீட்டுக்காரங்க எல்லாம் பாத்திருப்பாங்களே."

நான் துடைப்பத்தை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தேன். கதவு திறந்திருந்தது. நாலு தூணுக்கு நடுவே, தெருவிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி, அக்கா தலையணையில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிரேக்கக் கோயிலில் சாமி இருக்கிற இடம் அதுதான். பரீட்சைத்தாளில் எத்தனையோ முறை வரைந்தேன், அந்த வீட்டில் அது சரியாக வந்தது அன்றைக்குத்தான்.

"பாத்தாங்க" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "இந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கறதையும் இன்னிக்குத்தான் பாத்தாங்க. நீங்க இன்னும் தூணத்தான் எண்ணிட்டிருக்கீங்க."

அத்தான் நீட்டிய விரலை மடக்கினார். பிறகு படியேறி வந்து, குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.